புல்லாங்குழலுக்கு முந்தைய மூச்சு

கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, இழுப்பறைக்குள் தள்ளி மூடுகிறார். அதன் டிக் டிக் அவருக்கு ஆகாது. அதன் பிறகுதான் ஹெட்போன் காதுக்கு ஏறும். பழைய படங்களின் ஒலியிலிருந்து கரகரப்பையும் இரைச்சலையும் நீக்குவது அவர் வேலை. ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அவர் 'சலவை அண்ணன்'. அவர் மனைவியின் குறை வேறு: "பக்கத்து ரூம்ல ஊசி விழுந்தா கேக்குதாம். நான் கூப்பிட்டா மட்டும் காது அடைச்சுக்குது."

இப்போது அவரிடம் இருப்பது ஒரு பழைய இந்திப் படம். பாடல்கள் அந்தக் காலத்திலேயே இசைத்தட்டாக வந்துவிட்டன. பின்னணி இசைக்கோ படச்சுருளை விட்டால் வேறு கதியில்லை. அவருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். "வசனம் புரிஞ்சா காது கதை பின்னாடி ஓடிடும் சார். அப்புறம் இரைச்சல யார் பாக்குறது?" என்பார் என்னிடம்.

படத்தில் ஒரு காட்சி: மகன் வீட்டை விட்டுப் போகிறான். தாய் வாசலில் நிற்கிறாள். வசனமில்லாத அந்தக் காட்சி முழுக்க ஒரே புல்லாங்குழல். வாசித்தவர் ஒவ்வொரு முறையும் மூச்சை இழுக்கும் ஓசை, ரம்பம் அறுப்பதுபோல் கூடவே பதிவாகியிருந்தது. "அது எதுக்கு? எடுத்துடுங்க" என்று படத்தின் உரிமையாளர் சொல்லியிருந்தார். சலவை அண்ணன் சுவடே தெரியாமல் எடுத்தும் விட்டார்.

மறுநாள் நான் அங்கே இருந்தபோது ஒரு நர்ஸ் வந்தார். பணி முடிந்த கையோடு வந்திருந்தார். காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு.

"இந்தப் படத்துல எங்கப்பா புல்லாங்குழல் வாசிச்சிருக்காராம் சார். டைட்டில்ல பேரு கிடையாது. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே போயிட்டார். ஒரு தடவ கேக்கணும்."

சலவை அண்ணன் சுத்தம் செய்ததைப் போட்டுக் காட்டினார். தலை குனிந்து கேட்டுவிட்டு, "நல்லாருக்கு சார்" என்றார் நர்ஸ், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல்.

சலவை அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு மூச்சு நீக்காத பழைய ஒலியைப் போட்டார். முதல் மூச்சிலேயே நர்ஸ் நிமிர்ந்தார்.

"இழுக்குது பாருங்க... இது நெஞ்சு நோவுக்காரங்க மூச்சு. எங்க வார்டுல தினம் கேக்குறேன். இந்த ஒடம்போடயா வந்து வாசிச்சார்?"

ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழவில்லை.

சலவை அண்ணன் உரிமையாளருக்குப் போன் போட்டார். எந்த முதலாளியிடமும் எதிர்த்துப் பேசி நான் பார்க்காத மனிதர். "மூச்ச எடுத்தது தப்பு சார். குழல் தானா வாசிக்கிற மாதிரி இருக்கு. ஆளு இல்ல சார் அங்க." மறுமுனையில் ஏதோ காரசாரமாக வந்தது. "சரி சார், மத்த எடமெல்லாம் நீங்க சொல்றபடி. இந்த ஒரு சீன் மட்டும் இருக்கட்டும். வாசிச்சவரோட பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கு." வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "ரொம்ப நன்றி சார்" என்றார்.

"இன்னொரு தடவ போடுவீங்களா?" என்று கேட்டார் நர்ஸ்.

சலவை அண்ணன் போய் ஏசியை அணைத்தார். அறையின் உறுமல் அடங்கியது. ஒலியை ஓட விட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார். குழல் ஓய்கிறவரை, தன் மூச்சை அடக்கியபடி.