பின்கதவின் இரண்டாவது மணி

அக்கா வீடுகளுக்கு அலாரம் பொருத்தும் வேலை செய்தாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள் போய் நின்றால், "ஆள் வரலையாம்மா?" என்று கேட்காத வீடு குறைவு. "ஆள்தான் வந்திருக்கேன். கதவைக் காட்டுங்க" என்பாள்.

அலாரம் போட்டிருக்கும்போதே நடுவில் வெளியே போய்வர வேண்டியவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். குப்பை போட, நாயை வெளியே விட. எவ்வளவு நேரமாகும் என்று அவர்களிடம் அக்கா கேட்கவே மாட்டாள். "கேட்டா எல்லாரும் ஒரு நிமிஷம்னுதான் சொல்வாங்கடா. நின்னு பாத்தாதான் தெரியும்" என்பாள். பார்த்துவிட்டுத்தான், கதவு திறந்தும் அலாரம் அலறாமல் பொறுக்க வேண்டிய நேரத்தை வைப்பாள்.

எங்கள் வீட்டில் மட்டும் கேட்டுவிட்டாள்.

ஒருமுறை அப்பா பின்கதவைச் சாத்த மறந்து, திருடன் வந்துபோயிருந்தான். அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. ஒரு பாத்திரம் உருண்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அக்கா கதவுகளில் காந்தத் துண்டும் நிலைகளில் சென்சாரும் பதித்தாள். இரண்டும் விலகினால் சைரன் அலறும். அம்மா அன்றைக்குத்தான் அசந்து தூங்கினாள். ஆனால் அப்பா, ஓய்வு பெறும்வரை ஜன்னலே இல்லாத கிடங்கில் வேலை பார்த்தவர். விடியும்போது பின்வாசலில் போய் நிற்காவிட்டால் அவருக்குப் பொழுதே தொடங்காது.

"எவ்வளவு நேரம்பா நிப்பீங்க?"

"ஒரு நிமிஷம்தாம்மா. எட்டிப் பாத்துட்டு வந்துடுவேன்."

அப்பா சொல்லாயிற்றே என்று அவளும் ஒரு நிமிடமே வைத்தாள். மறுநாள் விடியலில் சைரன் அலறித் தெருவே விழித்துக்கொண்டது. தடியோடு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், வாயில் பிரஷ்ஷோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். "என்ன சார், சொந்த வீட்டுலயே கைவரிசையா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே எல்லாரும் எழுந்திரிக்கிற வரைக்கும் கதவுகிட்டயே போகாதீங்க."

"அப்போ என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிடு."

"திறந்து போட்டுட்டு வந்தவர்தானே நீங்க!"

அதன்பிறகு அப்பா விடியலில் சமையலறைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முன்னால் டீ ஆறிக்கொண்டிருக்கும்.

அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் அலாரத்தை நிறுத்திவிட்டு, அப்பாவை வெளியே அனுப்பி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் துணிக்கொடியை இழுத்துக் கட்டினார். தொட்டிகளை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார். பிறகு சரக்கு சரிபார்க்கிறவர்போல வானத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை பார்த்தார்.

"உங்க ஒரு நிமிஷத்துல நான் ஒரு வீட்டு வேலையையே முடிச்சுடுவேன்பா."

அன்றே நேரக்கணக்கை எடுத்துவிட்டுக் கதவருகே ஒரு பட்டன் வைத்தாள். அழுத்தினால் பின்கதவு மட்டும் விடுபடும். முன்கதவும் ஜன்னல்களும் காவலிலேயே இருக்கும். அம்மாவின் கட்டிலருகே சின்ன மணி ஒன்றும் பொருத்தினாள்.

"ஒரு மணி அடிச்சா அப்பா வெளிய. ரெண்டாவது அடிச்சா கதவு சாத்தியாச்சு, காவல் திரும்ப வந்தாச்சு. நீ தூங்கலாம்."

"நடுவுல?"

"நடுவுல அப்பா வாசல்லயே நிக்கிறாரும்மா. அவரை நம்பு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பட்டனை எடுக்கச் சொல்லவில்லை. நாளடைவில் முதல் மணிக்குப் புரண்டு படுப்பாள், இரண்டாவதற்குக் குறட்டை விடுவாள்.

போன மாதம் நோய் அக்காவைக் கொண்டுபோய்விட்டது. வருவோரும் போவோருமாகக் கதவுகள் திறந்தே கிடந்தன. அம்மா தூங்கவேயில்லை. நேற்று கடைசி உறவுக்காரரும் கிளம்பியபின், "டேய், அலாரத்தைப் போட்டு விடு" என்றாள்.

இன்று விடியலில் முதல் மணி அடித்தது. அடுத்த அறையில் நான் இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெளிச்சம் ஏறியது. அம்மாவின் கட்டில் கிரீச்சிட்டது, காலடி பின்பக்கம் போனது. அப்பாவுக்கு ஏதோ திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். சத்தமே இல்லை.

சுவரில் வெயில் விழுந்தபிறகுதான் இரண்டாவது மணி. எட்டிப் பார்த்தேன். இருவரும் உள்ளே வந்திருந்தார்கள். கதவைச் சாத்திய கை அம்மாவுடையது.

நேராகப் போய்ப் படுத்தாள். மதியம்வரை தூங்கினாள்.