சித்தி வைத்த உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கு வில்லை கண்ணின் மேல் சில்லென்று உட்காரும். அதன் தண்ணீர் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போகும். அசைந்தால் சித்தி தொடையில் தட்டுவாள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணுக்குக் கீழே கருப்பு, மை அப்பியது போல. எங்கள் லைனில் அதற்குக் "கண்ணுக்குழி" என்று பேர். வேறு பிள்ளைக்கு இருந்தால் தூக்கம் போதவில்லை என்று விட்டிருப்பார்கள். என்னைப் பெற்ற அம்மா போன பிறகுதான் அப்பா மாற்றலாகி இங்கே வந்தார், வந்த கையோடு சித்தியைக் கட்டினார். அதனால் என் கருப்புக்குக் காரணம் தேட யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

குழாயடியில் பக்கத்து வீட்டுத் தனம் அக்கா என் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். அந்த ஊர் உருது எங்கள் லைன் தமிழிலும் ஒட்டியிருந்தது, ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

"கைக்கு இப்படி இருக்கே? சித்தி சோறு போடறாளா இல்லையா?"

"ஹவ் அக்கா, போடுது."

"பெத்தவ இருந்தா கண்ணு இப்படிக் குழி விழுமா?"

சித்திக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொல்வாள். சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்தால் அவள் கை ஓயாது. வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, பாதாம் எண்ணெய், முருங்கைக்கீரை. கண்ணைத் தேய்த்தால் அடி. பிறகு என்னை வாசற்படியில் உட்கார வைத்துச் சோறு போட ஆரம்பித்தாள், முட்டை மேலே தெரிகிற மாதிரி. அதற்கும் தனம் அக்காவிடம் பேச்சு இருந்தது. "நாலு பேர் பாக்கறப்ப மட்டும் முட்டை."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் நல்லா இருக்கும்மா, ஒண்ணும் இல்லை" என்றார். சித்தி நகரவில்லை.

"அதை எங்க லைனுக்கு வந்து ஒரு வாட்டி சொல்லிட்டுப் போங்க சார்."

அவர் சிரித்தார். சித்தி வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அப்பா எதுவும் சொல்லமாட்டார். ஒர்க்ஷாப்பிலிருந்து வருவார், சாப்பிடுவார், படுப்பார். சுவரில் அம்மா போட்டோ, முகம் பளிச்சென்று இருக்கும். விளக்கேற்றும்போது சித்தி அதையே பார்ப்பாள். "உங்கம்மாவுக்கு என்னா முகம்டி. நீ அவ கையில வளர்ந்திருந்தா..." என்று நிறுத்திக்கொள்வாள். ஊர் சொன்னதை அவளே நம்பிவிட்டாள் என்று இப்போது புரிகிறது. சாகக் கிடந்தபோதும் கட்டைவிரலால் என் கண்ணுக்குக் கீழே தடவி, "இன்னும் போகலையே" என்றாள்.

என் மகள் அமீர்பேட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கும் அதே கருப்பு. போன மாதம் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தூக்கம், ரத்தக்குறைவு, அலர்ஜி எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, இது வம்சத்தில் வருவது, மருந்தில் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது என்றார். உங்கள் வீட்டில் யாருக்கு இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஜோலார்பேட்டையில் இருக்கும் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, போன் போட்டேன்.

"அக்காவுக்கும் அப்படித்தாம்மா, உன்னைவிட அதிகம். போட்டோவுல ஸ்டுடியோக்காரன் 'டச்சப்' பண்ணி வெளுத்துட்டான்."

"அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

"மச்சானுக்குத் தெரியாமயா? புதுசா வந்தவ முன்னாடி செத்தவ பேச்சு எதுக்குன்னு இருந்துட்டாரு."

நல்லதென்று நினைத்துத்தான் அப்பா சொல்லாமல் இருந்திருப்பார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சித்திக்குப் போதுமாக இருந்திருக்கும்.

போன வாரம் மகளோடு மெட்டுகுடா போனேன். எங்கள் லைனை இடித்துவிட்டார்கள். குழாயடி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. தனம் அக்கா எங்கே போனாளோ.

"போலாம் மா, கைக்கு நிக்கற?" என்றாள் மகள்.

"இது எங்கம்மா கண்ணு. சித்தி சோறு போட்டா" என்றேன்.

குழாயடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன். மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.