பூவாடைக்காரியின் முகம்

எத்திராஜ் என் சித்தப்பா மகன், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவனோடு பிறந்தவள் பார்வதம். அவளும் நானும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள், திருமுல்லைவாயிலில் ஒரே தெருவில் வளர்ந்தோம். கல்யாணமாகி நாலாம் மாசம் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு இருபத்தொன்று, எத்திராஜுக்கு ஒன்பது.

அந்த வயதிலேயே அவன் கைக்குப் படம் வரும். அக்கா போன பதினாறாம் நாள் சிலேட்டில் அவள் முகத்தை வரைந்துகொண்டு போய் அம்மாவிடம் காட்டினான். சின்னம்மா பார்த்ததும் அலறிக்கொண்டு விழுந்தாள். சித்தப்பா சிலேட்டைப் பிடுங்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். "இனிமே எவ மூஞ்சியும் நீ போடக்கூடாது" என்றார். பிள்ளை அந்தச் சொல்லை ஐம்பது வருஷம் காப்பாற்றினான். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். சித்தப்பாமேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஆவடி டேங்க் பேக்டரியில் பெயிண்ட் அடிக்கிற வேலை கிடைத்தது. முப்பத்தேழு வருஷம் பச்சை அடித்தான். அறுபது வயதில் வெளியே வந்து அம்பத்தூர் வீட்டில் உட்கார்ந்தவன், ஒருநாள் நோட்டும் பென்சிலும் வாங்கிவந்தான். செம்பை வரைந்தான், தன் காலை வரைந்தான், வெங்காயம் உரிக்கிற பெண்சாதி ஹேமாவதியை வரைந்தான்.

"ஊட்ல ஃபேன் ஓடல அண்ணி, அதப் பாக்காம என் மூஞ்சிய போட்டுகினு கீறாரு. அதுவும் ரெண்டு தாடையோட!" என்று என்னிடம் புகார் சொன்னாள்.

"இருக்கிறதத்தானேடி போட்டான்" என்றேன்.

போன தை மாசம் அவர்கள் மகன் பரத்துக்குக் கல்யாணம் குதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். வீட்டில் பிறந்து, சுமங்கலியாகப் பூவும் மஞ்சளுமாகச் செத்தவள்தான் பூவாடைக்காரி. எங்களுக்குப் பார்வதம். கலசம் வைத்து, புதுப் புடவை சார்த்தி, அவளைக் கூப்பிட்டுச் சோறு போட்ட பிறகே பந்தக்கால். அவளுக்குப் படம் கிடையாது. உயிரோடு இருந்தபோது ஒரு போட்டோகூட யாரும் எடுக்கவில்லை.

"இந்த வாட்டி நான் வரையறேங்க்கா" என்றான் எத்திராஜ். ஒன்பது நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்? நான் சொல்லச் சொல்ல அவன் அழித்து அழித்துப் போட்டான்.

"மூக்கு இவ்ளோ நீட்டு இல்லடா. அது உங்க அப்பன் மூக்கு."

"கண்ணு சரியா கீதாக்கா?"

"இடது கண்ணு கொஞ்சம் உள்ள பாக்கும். ஒன்றரைக் கண்ணுன்னு நாங்க ஓட்டுவோம். மேல ஒரு தெத்துப்பல்லு. சிரிச்சா உதட்ட இழுத்து மூடிக்குவா."

ஒன்பதாம் நாள் தாளைத் திருப்பிக் காட்டினான். பார்வதமேதான். எழுந்துபோய் அவனுக்குச் சோறு போட்டேன்.

வெள்ளிக்கிழமை படையல். அம்பத்தூர் வீட்டுக்குள் நுழைந்தேன். கலசத்துக்குப் பின்னால் பெரிய கலர் படம். வெள்ளை வெளேரென்று ஒருத்தி, வரிசைப் பல்லும் நேர்க்கண்ணுமாக, காது நிறைய ஜிமிக்கியோடு சிரித்தாள்.

"இவ யாருடா?"

"பார்வதம் அத்தைதான்" என்றான் பரத். "அப்பா வரைஞ்சத போன்ல போட்டேன், அதுவே கலர் பண்ணிக் குடுத்துச்சு. செம்மையா கீது இல்ல?"

"கண்ணு?"

"அதயும் போனே சரி பண்ணிடுச்சு அத்தே."

சரி பண்ணிவிட்டதாம்! அவள் கண்ணில் இவன் என்ன குற்றத்தைக் கண்டான்? எத்திராஜ் வரைந்தது எங்கே என்று கேட்டேன். பீரோ மேல் கிடந்தது, அட்டைப்பெட்டிக்கு அடியில்.

ஹேமாவதி குரலைத் தாழ்த்தினாள். "மாங்காட்லேர்ந்து சம்பந்தி ஊட்டாரு வராங்க அண்ணி. கறுப்பு, மாறுகண்ணு, தெத்துப்பல்லு... நம்ம வம்சமே இப்டின்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

"நெனைக்கட்டும். நம்ம வம்சம்தானே? உன் புள்ளைக்கும் தெத்துப்பல்லுதான். கம்பி போட்டு இழுத்து வெச்சிருக்க."

எத்திராஜ் மூலையில் நின்றான். "உட்டுடுக்கா, சாமி காரியம்" என்றான். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது அங்கேதான். அன்று அப்பன் கழுவினான், இவன் வாயை மூடிக்கொண்டான். இன்று மகன் கழுவுகிறான், இன்றும் மூடிக்கொள்கிறான்.

எங்கள் வகையறாவில் பூவாடைக்காரியைப் பூசாரி கூப்பிடமாட்டார். அந்த வம்சத்தில் பிறந்த பெண்களில் மூத்தவள் மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பிறகுதான் கற்பூரம். இப்போது மூத்தவள் நான். கலசத்துக்கு முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"கூப்புடு அத்தே, பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும்" என்றான் பரத்.

"வரட்டும். இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாது. தெரியாதவள எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடறது? இவ உள்ள வந்து உக்காந்து புடவையையும் சோறையும் வாங்கினு போவா. என் பார்வதம் தெருவுல நிப்பாளா?"

ஹேமாவதி மணியைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள். பரத் முணுமுணுத்துக்கொண்டே கலர் படத்தை இறக்கிவிட்டு, பென்சில் படத்தைக் கொண்டுவந்து வைத்தான். அதோடு முடிந்ததா? ஹேமாவதி ரெண்டு முழம் சாமந்தியை எடுத்து, இடது கண் சரியாக மறைகிற மாதிரி போட்டாள்! தற்செயலாம்!

நான் வாயைத் திறப்பதற்குள் எத்திராஜ் முன்னால் வந்தான்.

"ஹேமா, எங்க அக்காடி அது. ஒம்போது வயசுல வரைஞ்சேன், தண்ணி ஊத்தினாங்க. நீ பூவு போட்டு மூடற. இன்னாங்கடி உங்களுக்கெல்லாம் அவமேல?"

முப்பது வருஷ சம்சாரத்தில் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பூச்சரத்தை விலக்கிப் படத்தின் காலடியில் வைத்தான். பார்வதம் இரண்டு கண்ணாலும் எங்களைப் பார்த்தாள், ஒன்று நேராக, ஒன்று கோணலாக.

"பார்வதம், வாடி" என்றேன். மூன்று தரம் கூப்பிட்டேன். பத்து இருபத்தைந்துக்குக் கற்பூரம் காட்டியாயிற்று.

சம்பந்தி அம்மாள் வந்ததும் படத்துக்கு முன்னால்தான் போய் நின்றாள். "உசுரோட கீற மாரியே கீதே. யாருங்க வரைஞ்சது?"

"எங்க அப்பா" என்றான் பரத், மார்பை நிமிர்த்திக்கொண்டு. காலையில் அதைப் பீரோ மேல் தூக்கிப் போட்டவன்!

பார்வதத்துக்குப் படைத்ததை மட்டும் இலையில் வாங்கிச் சாப்பிட்டேன். பரத் நீட்டின காபியைத் தொடவில்லை.