கறுப்புத் திரையில் ஒரு காணிக்கைப் பாட்டு

எனக்குக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை பிடிக்கும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, திரை முழுக்க வெறும் எழுத்து. கட்டளையைச் சரியாக அடித்தால் மறுபேச்சில்லாமல் செய்யும். தப்பாக அடித்தால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடும். இந்தக் குணம் எனக்கும் உண்டு, அதனால்தான் ஒத்துப்போகிறது போலும். சிதம்பரத்தில் என் ஆபீசுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரிப்பேருங்களா மேடம்?" என்று அனுதாபப்படுவார்கள்.

கடலூரில் அண்ணன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கும் நான்தான் இலவசமாகக் கிடைக்கிற சிஸ்டம் ஒன்றைப் போட்டுக்கொடுத்தேன். அது தும்மினாலும் பழி எனக்குத்தான். அவர்கள் தேவாலயத்தின் பங்குத் திருவிழா அன்று காலையிலேயே அண்ணனிடமிருந்து போன்.

"உன் சிஸ்டம் கவுத்துடுச்சு. அப்டேட்டுன்னு கேட்டுச்சு, சரின்னேன். இப்ப ஒரே கறுப்பு. உங்க அண்ணி அழுவுது. சீக்கிரம் கெளம்பி வா."

அண்ணி அழுததில் நியாயம் இருந்தது. பங்கின் பாடற்குழுவை அவர்தான் நடத்துகிறார். இத்தனை வருஷமாக மற்றவர்கள் பாட்டையே சொல்லிக்கொடுத்தவர், இந்தத் திருவிழாவுக்குத் தானே ஒரு காணிக்கைப் பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். பங்குச் சாமியார் கேட்டுவிட்டு, மாலைத் திருப்பலியில் காணிக்கை செலுத்தும்போது பாடச் சொல்லிவிட்டார். குழுவில் வாத்தியம் வாசிக்க ஆளில்லாததால், தெரிந்தவர் ஒருவரை வாசிக்க வைத்து, பின்னணி இசையை அந்தக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தார். வேறெங்கும் பிரதி இல்லை. அது இல்லாவிட்டால் பாட்டும் இல்லை.

ஏற்கெனவே ஒரு குறை வேறு. பாட்டின் நடுவே ஆண் குரலுக்கென்று சில வரிகள் எழுதியிருந்தார். பையன்களெல்லாம் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். அண்ணனைக் கெஞ்சிப் பார்த்தார். "சிப்காட்ல மிஷின் சத்தத்துலயே என் காது பூட்டுச்சு, என்ன வுடு" என்று அவர் நழுவிவிட, அந்த வரிகளை வெட்டியாயிற்று.

பஸ் ஜன்னல் வழியாக சிப்காட் தொழிற்சாலைகளின் ரசாயன வாடை ஏறியபோதுதான் கடலூர் வந்துவிட்டது என்று நிம்மதியானேன். வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் கையில் ஒரு புத்தம்புதுக் கீபோர்டு.

"பேரு அடிச்சேன், வந்துச்சு. பாஸ்வேர்டு அடிச்சா ஒரு எழுத்துகூட வுழல. கீபோர்டு செத்துடுச்சுன்னு கடைக்கு ஓடி இத வாங்கியாந்தேன். இதுலயும் அதே கதை!"

"பேரு வரைக்கும் உசுரோட இருந்த கீபோர்டு பாஸ்வேர்டுக்கு மட்டும் எப்பிடிண்ணா சாவும்?"

அண்ணன் யோசித்தார். அண்ணி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இந்தத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் புள்ளிகூட விழாது. எதுவும் தெரியாமலேயே அடித்து முடித்து என்டர் தட்ட வேண்டும். தட்டினேன். உள்ளே விட்டது.

பதிவுகள் இருக்கும் இடத்துக்குப் போய் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து நின்றது. அண்ணி எல்லாவற்றுக்கும் தமிழில்தான் பெயர் வைப்பார்.

"ஐயோ, எல்லாம் அழிஞ்சு போச்சா?"

"அழியல அண்ணி. இந்தத் திரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவ்ளோதான். பாடத் தெரியும்."

பெயரை அடிக்க முடியாது என்றால், பாடவைக்கும் கட்டளையோடு ஒரு நட்சத்திரக் குறி போதும். 'இருப்பதையெல்லாம் வரிசையாகப் போடு' என்று அதற்கு அர்த்தம். அதைச் சொல்லிக்கொண்டே அடித்ததும் அண்ணன் பதறினார்.

"எல்லாம் எதுக்கு? கடைசில இருக்கறத மட்டும் போடு, போதும்."

அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் சும்மா இருப்பேனா? தட்டிவிட்டேன்.

முதலில் ஒரு தொண்டைச் செருமல். பிறகு ஓர் ஆண் குரல், அண்ணி வெட்டிப்போட்ட அதே வரிகளைத் தயங்கித் தயங்கிப் பாடியது. நடுவில் குக்கர் விசில். "சே" என்றது குரல். அடுத்த பதிவிலும் அதே குரல், அதே வரிகள், கொஞ்சம் தேறியிருந்தது. அதற்கடுத்ததில் சுருதியே சேர்ந்துவிட்டது.

அண்ணி திரும்பிப் பார்த்தார். அண்ணன் கீபோர்டு அட்டைப்பெட்டியை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மைக் வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"இவ்ளோ வாட்டியா?" என்றார் அண்ணி.

"சரியா வந்தா சொல்லலாம்னு இருந்தேன். வர்ல."

அதற்குள் பின்னணி இசை ஆரம்பித்துவிட்டது. அண்ணி அதற்காகக் காலையிலிருந்து அழுதவர், இப்போது அதைக் காதிலேயே வாங்கவில்லை. நான்தான் பென் டிரைவைச் செருகி, கட்டளை அடித்து அதை ஏற்றினேன்.

"வெட்டுனத திரும்பச் சேத்துட்டேன்" என்றார் அண்ணி. "சாயங்காலம் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு எங்களோட நில்லுங்க."

மாலையில் காணிக்கை நேரம் வந்தது. அந்த வரிகள் வந்தபோது அண்ணியின் கை பின்வரிசைப் பக்கம் உயர்ந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினார். ஓரிடத்தில் லேசாகப் பிசிறியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

வீடு திரும்பியதும், "திரைய பழையபடி ஆக்கிடவா அண்ணி?" என்று கேட்டேன்.

"அத நாளைக்குப் பாரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அண்ணி. "மொதல்ல அந்த நட்சத்திரத்த இன்னொரு வாட்டி அடி."