கருகிய புங்கங்கன்றுகள்

மண்ணரை ஊரில் எங்கள் சபையாருக்கு மாரக்காளைக் கண்டாலே ஆகாது. ஆலயத்தைக் கூட்டுவதும் கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் அவள் வேலை. கிணற்றடியில் யார் நின்றாலும் பின்னாலேயே வந்து முறைத்துக்கொண்டு நிற்பாள். இவள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அன்றே ஆலய வளாகத்தில் அதன் பெயரில் ஒரு புங்கங்கன்று நடுவோம். ஞானஸ்நானத் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றுவோம். கன்று வாடினால் பெற்றவளுக்குச் சோறு இறங்காது. 1967 கோடையில் ஒன்பது கன்றுகள் கருகின. தினமும் தண்ணீர் ஊற்றியவள் மாரக்காள். பிள்ளை இல்லாதவள், பொறாமையில் எதையோ கலக்குகிறாள் என்று பேச்சு கிளம்பியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைக் கிளப்பியதே நான்தான். கருகியதில் ஒன்று என் மகனுடைய கன்று.

ஆலயச் சுவருக்கு அந்தப் பக்கம், ரசாயனம் போட்டுத் துணி வெளுக்கும் சலவைப் பட்டறை வந்த பிறகுதான் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று மாரக்காள் சொல்லிப் பார்த்தாள். பட்டறை சபை மூப்பர் ரத்தினசாமியுடையது. ஆலயத்துக்கு ஓடு வேய்ந்து கொடுத்தவரும் அவர்தான். தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் கமிட்டியில் சொன்னதும் பேச்சு முடிந்தது. தெருக்குழாய் வந்ததிலிருந்து அந்தத் தண்ணீரை நாங்கள் யாரும் வாயில் வைத்ததில்லை. வைத்துப் பார்க்கவும் தோன்றவில்லை. ரத்தினசாமியின் பேரனுக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் மாரக்காள் கிணற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆலயத்துக்குப் பின்னால் அவள் குடியிருந்த அறையையும் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது. அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக இடமில்லை.

ஞானஸ்நானம் நடக்கவிருந்த ஞாயிறு விடிந்ததும், அவள் என்ன கலக்குகிறாள் என்று கையும் களவுமாகப் பிடிக்கப் போய் ஆலயக் கதவு மறைவில் நின்றேன். அவள் இறைத்த தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் மூப்பரின் மனைவி ஞானாம்பாள் ஒரு குடத்தைத் துணியால் மூடிக் கொண்டுவந்தாள்.

"மாரக்கா, அதைக் கொட்டிப்போட்டு இதை ஊத்து. பொங்கலூர்த் தோட்டத்துத் தண்ணி. பச்சக் கொழந்த பாரு."

"நம்ம கெணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு உங்க ஊட்டுக்காரரு சொன்னாருங்களே?"

ஞானாம்பாள் குடத்தைத் தொட்டிக்கு ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். மாரக்காள் அந்தக் குடத்தைத் தொடவே இல்லை.

ஆராதனை நடந்தது. போதகர் குழந்தையை வாங்கிக்கொண்டு தொட்டியில் கையை விட்டார். அப்போதுதான் ரத்தினசாமி, மூடிய குடம் அப்படியே ஓரமாக இருப்பதைக் கண்டார். பாய்ந்து வந்து பேரனின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வேண்டாமுங்க ஐயா. அந்தத் தண்ணி வேண்டாமுங்க."

"ஏனுங்க மூப்பரே?" என்றார் போதகர்.

ரத்தினசாமி பேரன் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. கன்றைப் பறிகொடுத்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றோம்.

அன்று மாரக்காளிடம் யாரும் சாவி கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, நான் உட்பட.