மீனுக்காக வந்த தண்ணீர்

போன வாரம் என் மகள் ஒரு பாலிதீன் பையில் தங்கமீன்கள் வாங்கி வந்தாள். கூடவே ஒரு குட்டிப் பாட்டில். குழாய்த் தண்ணீரில் அதிலிருந்து சில சொட்டு விடவேண்டுமாம். பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, அப்புறம்தான் மீனை வெளியே விடவேண்டுமாம். கடைக்காரர் வகுப்பே எடுத்து அனுப்பியிருக்கிறார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குள் என்னை விட்டபோது இதில் பாதிப் பக்குவம்கூட யாரும் பார்க்கவில்லை. பாட்டிலைத் திறந்து மோந்தேன். ஏதோ மருந்து நெடி. நெடி என்று ஒன்று மூக்கில் ஏறிவிட்டால் போதும், என் மனசு ஆம்பூருக்கு பஸ் ஏறிவிடும்.

அது எண்பதுகளின் தொடக்கம். ரயில் ஆம்பூரை நெருங்கும்போது வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் இறங்குவதற்குப் பெட்டியை எடுப்பார்கள். அங்கே ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் நான் கடைக்குட்டி குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் சட்டையிலும் அந்த நாற்றம் உண்டு. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் சட்டையிலும் அதே நாற்றம் என்பதால் மானம் காப்பாற்றப்பட்டது.

நாற்றத்தையாவது ஒரு வாரத்தில் மறந்துவிடலாம். தண்ணீரை மறக்க முடியாது. உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. டீ போட்டால் அது டீயா, ரசமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதல் டம்ளர் குடித்ததும் முகத்தைச் சுளிப்பான். வருஷம் போகப்போக முகமே அப்படி அமைந்துவிடும். ஆபீசுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று டைப்பிஸ்ட் எஸ்தர் அக்கா எப்போது கேட்டாலும் முதலாளி ஹாஜியார் ‘பார்க்கலாம்’ என்பார். நல்ல மனிதர். எந்நேரமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

ஒரு நாள் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாப்பா, நீ காலேஜ்ல இன்னா படிச்சே?”

“ஜுவாலஜி சார்.”

“அப்ப மீன் உன் டிபார்ட்மெண்ட்.”

விஷயம் இதுதான். அடுத்த மாதம் ஜெர்மன்காரர் ஒருவர் தோல் வாங்க வருகிறார். மேல்விஷாரத்தில் இன்னொரு தோல் முதலாளி தன் ஷோரூமில் மீன் தொட்டி வைத்திருக்கிறாராம். போன தடவை ஜெர்மன்காரர் அங்கே தோலைவிட மீனைத்தான் அதிகம் பார்த்தாராம். “தோல் ஷெட்டால ஊர்த் தண்ணி கெட்டுப்போச்சான்னு இப்பல்லாம் அவுங்க ஜாஸ்தி கேள்வி கேக்கறாங்கப்பா. வாயால பதில் சொன்னா நம்ப மாட்டாங்க. மீன் நீந்திச்சுன்னா நம்புவாங்க” என்றார் ஹாஜியார். வேலூரில் அவருடைய மச்சான் வீட்டைக் காலி செய்துகொண்டு மெட்ராஸ் போகிறார். அவர் வளர்த்த தங்கமீன்கள் அநாதையாக நிற்கின்றன. அவற்றை அழைத்து வரவேண்டும். “பத்திரம். மீனு போச்சுன்னா உன் கன்ஃபர்மேஷனும் கூடவே போச்சு.”

மூன்று வருஷப் படிப்பில் என் கை பட்ட உயிர்கள் எல்லாமே என் கையில் உயிரை விட்டவை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

கம்பெனி வேன் தோலுக்கு, மீனுக்கு பஸ். குண்டானில் மீன்கள், மேலே ஈரத்துணி, மடியில் குண்டான். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், கொழம்பா?” என்றார். “மீனு” என்றேன். “அதான் கேட்டேன், மீன் கொழம்பான்னு.” பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மீன்கள் என்னைப் பார்த்த பார்வை, வைவா பரீட்சையில் வெளியூர்ப் பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வை.

ஆபீசுக்கு வந்ததும் அவசரம். கண்ணாடித் தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு மீனை எடுத்துப் போட்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் போட்ட சத்தத்தில் பேக்கிங் செக்‌ஷன் மொத்தமும் ஓடி வந்தது. தீ என்று நினைத்து ஒருவர் மணல் வாளியோடு வந்திருந்தார்.

“ஏன் தம்பி கத்துறே?” என்றார் பியூன் மஸ்தான் பாய். “நம்ம தண்ணியக் குடிச்சா மொதல்ல எல்லாரும் அப்டித்தான் சாய்வாங்க.”

பழைய தண்ணீர் மிச்சமிருந்த குண்டானுக்குள் அதைத் திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துகொண்டது. நான் நிமிர இன்னும் நேரம் பிடித்தது. ஹாஜியாரிடம் ஓடி, மீனுக்கு வேலூர்த் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அடுத்த நிமிஷமே உத்தரவு: வாராவாரம் வேலூர் போய்வரும் வேனில், மச்சான் வீட்டு மலையடிவாரக் கிணற்றிலிருந்து ஒரு டிரம் தண்ணீர் வரவேண்டும்.

எஸ்தர் அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார். “நானும் ஒரு நாள் இந்த மெஷின் மேல சாஞ்சு, வாயைத் தொறந்து தொறந்து மூடியிருக்கணும் தம்பி. எப்பவோ வந்திருக்கும் தண்ணி.”

டிரம் வந்தது. தொட்டியில் இருந்த குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு டிரம் தண்ணீரை நிரப்பி, அதுவரை குண்டானிலேயே இருந்த மீன்களை விட்டோம். டிரம்மை ஆபீஸ் மூலையில் மூடி போட்டு வைத்தோம். தினமும் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு, டிரம்மிலிருந்து கொஞ்சம் மொண்டு ஊற்றுவார் மஸ்தான் பாய். மீன்கள் ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளைய வந்தன. நான்தான் இளைத்தேன். காலையில் முதல் ஆளாக ஆபீசுக்கு வந்து, மீன் எல்லாம் வயிறு கீழேயும் முதுகு மேலேயுமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

ஜெர்மன்காரர் வருவதற்கு முந்தைய நாள் பதற்றம் முற்றிவிட்டது. எங்கள் பக்கத்தில் தண்ணீரைச் சோதிக்க ஒரே கருவிதான் உண்டு, நாக்கு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் விரலை விட்டு வாயில் வைத்தேன். உப்பு! டிரம்மைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். அதுவும் உப்பு! விளிம்பு வரை நிறைந்திருந்த உப்பு.

“மஸ்தான் பாய்! இது வேலூர்த் தண்ணியே இல்ல!”

அவர் எஸ்தர் அக்காவைப் பார்த்தார். எஸ்தர் அக்கா டைப்ரைட்டரைப் பார்த்தார். நான் எஸ்தர் அக்கா மேஜையில் இருந்த டீயைப் பார்த்தேன். அது டீ நிறத்தில் இருந்தது. அந்த ஆபீசில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

“ஒரு டம்ளர்தான் எடுத்தேன் தம்பி” என்றார் அக்கா. “எடுத்த அளவுக்குக் கொழாத் தண்ணிய ஊத்தி ரொப்பிட்டேன். நியாயமாத்தானே நடந்துக்கிட்டேன்?”

அக்கா எடுத்தது ஒரு டம்ளர். பிறகு கணக்குப் பிரிவுக்குத் தெரிந்து அவர்கள் ஒரு சொம்பு. பிறகு பேக்கிங் செக்‌ஷன், குடத்தோடு. எல்லாரும் நேர்மையாளர்கள், எடுத்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். வாராவாரம் குடிப்பவர்கள் கூடக்கூட, டிரம்மில் உப்பும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கன்ஃபர்மேஷன் போச்சு, ஊர் சிரிக்கப்போகிறது என்று தலையில் கை வைத்தபோதுதான் தொட்டி கண்ணில் பட்டது. உள்ளே மீன்கள் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடச் சாயவில்லை. முதல் நாள் சாய்ந்து என் உயிரை வாங்கியதே, அந்த மீன்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஷெட்டில் தோலை எடுத்த எடுப்பில் மரப்பட்டையை ஊறவைத்த கெட்டியான தண்ணீரில் போடமாட்டார்கள். போட்டால் மேல்புறம் விறைத்துக்கொள்ளும், உள்ளே சாறு இறங்காது. நீர்த்துப்போன பழைய பட்டைத் தண்ணீர்க் குழியில் முதலில் போட்டு, அடுத்த குழி, அதற்கடுத்த குழி என்று சாற்றின் கெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். தினமும் அந்தக் குழிகளைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போனேன். தோலுக்குச் செய்வதை மீனுக்கும் செய்யலாம் என்று ஜுவாலஜிக்குத் தோன்றவில்லை. ஆபீசின் டீத் தாகம் அதை ஓசைப்படாமல் செய்து முடித்திருந்தது.

மறுநாள் ஜெர்மன்காரர் வந்தார். நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். இது இந்த ஊர்த் தண்ணீர்தானா என்று கேட்டார். ஹாஜியார் கண் இமைக்காமல், “எஸ், சேம் வாட்டர்” என்றார். சொல்வது பொய் என்று முழு மனதோடு நம்பித்தான் சொன்னார். அது உண்மை என்று தெரிந்த நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜெர்மன்காரர் மிகவும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மெட்ராஸிலிருந்து தான் கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

ஆர்டர் கிடைத்தது. எனக்கும் கன்ஃபர்மேஷன் கிடைத்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது: வேலை முடிந்துவிட்டதால் இனி டிரம் வேண்டாம்.

“மீனுக்கு நம்ம தண்ணி பழகிப்போச்சு, சரி” என்றார் எஸ்தர் அக்கா. “எங்களுக்கு வேலூர்த் தண்ணி பழகிப்போச்சே. அதுக்கு யார் தம்பி பொறுப்பு? நீ படிச்சதுல அதுக்கு எதுனா சொல்லியிருக்குதா?”

பேக்கிங் செக்‌ஷன் வாசலில் வந்து நின்றது. குடத்தோடு. நான் ஹாஜியார் அறைக்குப் போனேன். வேலை நிரந்தரமான தைரியம் காலில் இருந்தது, குரலில் இல்லை. மீன்கள் ரொம்பப் பூஞ்சை உடம்பு சார், டிரம்மை நிறுத்தினால் தாங்காது என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மேஜையில் டீ நிறத்திலேயே இருந்த தன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“மீனு ஜாஸ்தி குடிக்குதாப்பா?”

“ஆமா சார்.”

“ரெண்டு டிரம்மா வரச் சொல்லு.”

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வருஷமெல்லாம் மீன் கணக்கில்தான் ஆபீஸ் தண்ணீர் குடித்தது. மீன் செத்தால் சத்தமில்லாமல் இன்னொன்று வாங்கி, குழாய்த் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுப் பழக்கித் தொட்டியில் விடுவோம். டிரம் நிற்கக்கூடாதே.

ஹாஜியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பெனி கைமாறியது. வேலூர்க் கிணற்றின் மேல் அடுக்குமாடி எழும்பிவிட்டது. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனேன். கடை வாசல், வீட்டு வாசல், மண்டப வாசல் எங்கும் தண்ணீர் கேன்கள் வரிசையாக நின்றன. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு போன் போதும், வீட்டுக்கே வருகிறது. யாருக்காக என்று யாரும் கேட்பதில்லை, காசைத்தான் கேட்கிறார்கள். ஒரு மீனைக் காட்டிப் பொய் சொன்னால் இரண்டு டிரம்மாகத் தர ஒரு முதலாளி இருந்தார். இப்போது யாரிடம் போய்ப் பொய் சொல்வது என்றே தெரியவில்லை.