செவலையை வாரத்துக்கு விட்டேன்

சீக்கு அண்டிய கோழி என்று தெரிந்தேதான் அதைச் சரசாவுக்குக் கொடுத்தேன்.

தெரியாமல் செய்துபோட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். துடியலூரில் எங்கள் வீதியே நம்பியது. ஐயோ, அம்மணியை ஏமாற்றிப்போட்டார்களே என்று எனக்காகப் பரிதாபப்பட்டது. அந்தப் பரிதாபத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்... இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏமாந்தது பொய்யில்லை. அதை முதலில் கேளுங்கள்.

ருக்குமணியும் நானும் வயசுப் பெண்களாகச் சிங்காநல்லூர் மில்லில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். எனக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியவளே அவள்தான். கிணத்துக்கடவுக்குக் கட்டிக்கொண்டு போன பிறகும் என் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள். போன தையில் வந்தபோது கூடையில் இரண்டு கோழிகள். "உனக்குன்னே கொண்டாந்தேன் புள்ள. நல்லா முட்டை வெக்கும்" என்றாள்.

கோழி விசயத்தில் நான் ஏமாளியில்லை! புதுக்கோழி எது வந்தாலும் மாட்டுக்கொட்டகை மூலையில் தனியாகக் கட்டுவேன். தண்ணிச்சட்டியும் தனி. தீனி எடுக்கிறதா, எச்சம் கெட்டியாகப் போகிறதா என்று ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விடுவேன். பழைய கோழிகள் வெளியே நின்று முறைத்து முறைத்துப் பழகிக்கொள்ளும். அதற்கும் பிறகுதான் மற்ற கோழிகள் அடையும் குடாப்பில் சேர்ப்பது. என் மகள் கொண்டுவந்த கோழியைக்கூடக் கட்டித்தான் வைத்தேன்.

ருக்குமணியின் கோழிகளை மட்டும் அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். அதுகளைக் கொட்டகையில் கட்டினால், அவளையே வாசலில் நிறுத்திவைத்த மாதிரி ஆகாதா?

அந்த வாரமே ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. ருக்குமணிக்குப் போன் போட்டேன். "ஒண்ணு சோந்து நிக்குது புள்ள" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"கழுத்து திருகிக்கிச்சா?" என்று கேட்டாள்.

கழுத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே! திரும்பிக் கோழியைப் பார்த்தேன். கழுத்து நேராகத்தான் இருந்தது. மறுநாள்தான் திருகியது...

தன் வீட்டில் பார்த்திருக்கிறாள். கழுத்துத் திருகி ஒவ்வொன்றாய்ச் சாவதைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்ததைக் கூடையில் போட்டு எனக்குத் தூக்கி வந்திருக்கிறாள். என்னைவிட யார் அவளுக்கு உசத்தி? யாருக்கும் கொடுக்க மனசு வராததை எனக்குக் கொடுக்க எப்படி வந்தது? அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து நானும் போடவில்லை.

இதுவரைக்கும்தான் வீதிக்குத் தெரியும்.

என் குடாப்பில் செவலை என்று ஒரு கோழி இருந்தது. அதன்மேல் பக்கத்து வீதிச் சரசாவுக்குக் கொள்ளை ஆசை. முட்டை விற்றுத்தான் அவள் கைச்செலவு ஓடும். "ஏனுங்கக்கா, செவலையை எனக்கு வாரத்துக்கு விடுங்க. நான் வளத்தறேன், குஞ்சு ஆளுக்குப் பாதிங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் கொடுத்ததில்லை.

அந்தக் கழுத்துத் திருகிய காலையில் செவலையைப் பிடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செவலையாவது பிழைக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்... சரி. "கொஞ்ச நாள் தனியாக் கட்டி வை சரசா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? சொன்னால் ஏன் என்று கேட்பாள். கோழி வளர்க்க என்னை மிஞ்ச ஆளில்லை என்று பேசித் திரிந்த வாய்! என் குடாப்பில் சீக்கு என்று அந்த வாயால் சொல்ல வரவில்லை.

சரசா அதை நேராகத் தன் கோழிகளோடு விட்டாள். "உங்க ஊட்டுக் கோழிக்கு என்னத்தைங்க பாக்கறது!" என்று சிரித்தாள்.

என் குடாப்பு காலியானது. அவளுடையதும் காலியானது. அழுதுகொண்டு வந்தாள். "செவலையைக் காப்பாத்த முடியலைங்கக்கா..."

"என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன். ஒன்றும் அறியாதவள் மாதிரி! கழுத்தை அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ருக்குமணி வாயைவிட்ட இடத்தில் நான் விடவில்லை. செவலை அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் இங்கே சீக்கு வந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப எனக்குக் காத்துல வந்திருக்குமுங்க" என்றாள். பிறகு, "அந்த ருக்குமணியம்மா நல்லா இருப்பாளுங்களா? கூடப் பழகுனவளுக்கு இப்பிடியா பண்ணுவாங்க?" என்று எனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தலையாட்டினேன்.

வாரத்துக்கு விட்ட கோழி செத்தால் ஈடு கொடுக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. ஆனாலும் சரசா தன் தங்கச்சி வீட்டிலிருந்து முட்டைக்கு வரும் பருவத்தில் ஒரு வெடைக்கோழி வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று ஒருதரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. அவள் கண்ணெதிரே அதைக் கொட்டகை மூலையில் தனியாகக் கட்டினேன்!

"அதுதானுங்க நல்லது" என்றாள். அவளே தண்ணிச்சட்டியை நிரப்பி வைத்தாள்.

இப்போது சரசா சித்தாள் வேலைக்குப் போகிறாள். நேற்றுப் போகிற வழியில் நின்று, "வெடை முட்டை வெக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள்.

"வெக்குது கண்ணு."

"அப்பாடா! உங்க கோழியை என் கையில கொன்னுபோட்டனேன்னு தூக்கமே இல்லைங்க. இப்பத்தான் மனசு ஆறுச்சு."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். சாயங்காலம் திரும்பி வந்தாள். அப்போதும் நான் வாசலில்தான் இருந்தேன்... அப்போது அவளை ஏற்றிப்போக பஸ் எதுவும் வரவில்லை.